மேல் ஆள்

பிப்ரவரி 3

அண்ணா,

போனில் பேச ஆரம்பித்தால் நமக்குள் ‘சாப்பிட்டியா’வுக்கு அடுத்த வார்த்தையே கத்தலாக இருக்கிறது. “இனிமே ரெண்டு பேரும் எழுதிக்குங்க, என் காதை விட்டுடுங்க” என்று அண்ணி சொன்னதும் நல்லதுக்குத்தான். நம் கடையில் அச்சடித்த வினைல் ரோல்களைத் தினமும் இங்கே கொண்டு வரும் லாரிக்காரர்தான் இனி நமக்குத் தபால்காரர். கடிதத்தைக் காலி ரோலின் அட்டைக் குழாய்க்குள் செருகித் தருகிறேன். படித்துவிட்டு முறைக்காதே, பதில் எழுது.

வந்து சேர்ந்தோம். மெத்தைக் கம்பெனியின் தலைமை அலுவலகம் நீ வரைபடத்தில் பார்த்ததைவிட உயரமாகத் தெரிகிறது. பன்னிரண்டு மாடிச் சுவர். தலையணையில் கன்னம் பதித்துத் தூங்கும் ஒரு பெண்ணின் முகத்தை அதன்மேல் நெடுக்குப் பட்டைகளாக ஒட்ட வேண்டும். கீழே பஸ் நிறுத்தம் இருப்பதால் கிரேன் வைக்க இடமில்லை, கயிற்றில் தொங்கித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதை, இதற்காக எழுதவில்லை.

சாமியார் எங்கே?

லாரியிலிருந்து என்னோடு தொங்கப்போகும் மீசை இறங்கினான். தெருவில் தடுப்புக் கட்டும் கீழ் ஆள் இறங்கினார். நான் இறங்கினேன். லாரிக்காரர் கதவைச் சாத்திவிட்டார். நம்பாமல் திரும்பத் திறந்து பார்த்தேன், அண்ணா. மொட்டைமாடியில் நாள் முழுக்க முடிச்சுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதால்தானே அவருக்கு அந்தப் பேரே வந்தது? கயிறு கட்டிய இடத்தைப் பார்த்துக்கொள்ள மேலே ஓர் ஆள் இல்லாமல் நாம் எந்தச் சுவரிலும் இறங்கியதில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையா? பின்னால் பஸ்ஸில் வருகிறாரா? நாளை மறுநாள் கயிறு கட்டுகிறோம். உடனே பதில் போடு.

பல்லி
(சுவரில் ஒட்டிக்கொண்டு திரிகிறவள் என்று நீ வைத்த பேர்தான். கையெழுத்தாகவே ஆகிவிட்டது.)


பிப்ரவரி 4

பல்லிக்கு,

சாமியார் வரமாட்டார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நாம் கொடுத்த விலையில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

கடிதத்தைக் கசக்குவதற்கு முன்னால் முழுசாகப் படி. இந்த வேலைக்கு நம்மோடு போட்டியில் இருந்தவர் பாதிவிலைக்காரர். நாம் என்ன போட்டாலும் அதில் பாதியைப் போட்டுவிட்டுக் காலரைத் தூக்கிவிடுகிற அதே மனிதர். என் வழக்கம் உனக்குத் தெரியும். வினைலுக்கு ஒரு வரி, அச்சுக்கு ஒரு வரி, கயிற்றுக்கு ஒரு வரி, ஆள் கூலி ஆளுக்கு ஒரு வரி என்று எல்லாவற்றையும் திறந்து வைத்துத்தான் விலை தருவேன். மற்றவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே உருண்டையாக உருட்டிக் கொடுப்பார்கள். அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று யாருக்குத் தெரியும்?

கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு வரிவரியாக இறங்கினார். ‘மேல் ஆள்’ என்ற வரியில் பேனா நின்றது.

“இவர் ஒட்டுவாரா?”

“இல்ல சார்.”

“கயிறு கட்டுவாரா?”

“அது என் தங்கச்சி கட்டும் சார்.”

“அப்ப இவரு என்னதான் பண்ணுவாரு?”

“முடிச்சுப் பக்கத்துல நிப்பாரு சார்.”

“சும்மாவா?”

எப்படிச் சொன்னாலும் சும்மா நிற்கிறார் என்றுதான் வருகிறது. அந்த வரியை அடித்தால் வேலை நமக்கு, அடிக்காவிட்டால் பாதிவிலைக்காரருக்கு என்றார். கடையில் மெஷின் எத்தனை நாளாகத் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது என்று நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாமியாரும் வேறு கம்பெனி வேலைக்கு வெளியூர் போய்விட்டார்.

கட்டடத்துக் காவலாளியிடம் அவ்வப்போது ஓர் எட்டு மேலே போய்ப் பார்க்கச் சொல். நீ கட்டிய முடிச்சு இன்றுவரை எங்கே அவிழ்ந்திருக்கிறது? பதறாதே.

அண்ணன்


பிப்ரவரி 7

முதலாளி அவர்களுக்கு,

முடிச்சு அவிழாது என்று எழுதியிருந்தாய். அவிழவில்லை. அவிழ்த்தார்கள்.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாதே. எனக்கு இரண்டு கயிறு என்பது உனக்குத் தெரியும். ஒன்றில் பலகை கட்டி அதில் உட்கார்ந்து இறங்குகிறேன், அது விறைத்து நிற்கும். மற்றது காப்புக் கயிறு. இடுப்பு பெல்ட்டோடு கோத்திருக்கும், முதல் கயிற்றுக்கு ஏதாவது ஆனால் பிடிப்பதற்காக. அதில் எடையே இருக்காது, தரையில் தளர்ந்துதான் கிடக்கும். மேலே வருகிற யாருக்கும் யாரோ விட்டுப்போன கயிறு மாதிரித் தெரியும்.

நான் பாதிச் சுவரில் இருந்தேன். பட்டையின் பின்தாளை உரித்தால் காற்று அதைப் பாய் மாதிரி பிடித்து இழுக்கிறது. ஒரு கையில் தாள், ஒரு கையில் உருளை, பல்லில் பிளேடு உறை. அந்த நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏசி மெக்கானிக் ஒருவர் தள்ளுவண்டியில் மெஷின் கொண்டு வந்திருக்கிறார். வழியில் கயிறு குறுக்கே கிடந்தது. நல்ல மனிதர்தான், வெட்டி எறியவில்லை. தண்ணீர்த் தொட்டித் தூணில் நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, வண்டியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குழாயில் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் விரல் தடிமன் குழாய், அண்ணா. பூ போட்ட மாதிரி அழகான ஒரு முடிச்சு.

சாயங்காலம் மேலே ஏறி வந்த பிறகுதான் பார்த்தேன். அதுவரை காப்புக் கயிறு இல்லாமலேதான் தொங்கியிருக்கிறேன். அது மட்டுமில்லை. கைப்பிடிச் சுவரின் ஓரம் உரசாமல் இருக்க முதல் கயிற்றுக்கு அடியில் போட்டிருந்த சாக்கு நழுவி விழுந்துகிடந்தது. கயிற்றின் மேல்நூல் தேய்ந்து பஞ்சு எழும்பியிருந்தது. அதை மீசையின் கையில் கொடுத்தேன். வாங்கி, மீதிக் கயிற்றையும் முழம் முழமாக விரலால் தடவிப் பார்க்க ஆரம்பித்தான்.

காவலாளி என்ன செய்தார் என்று கேட்பாய். காலையில் ஒருமுறை வந்தார், “எல்லாம் ஓகேவா?” என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டார், போய்விட்டார். அவர் வேலை கதவைப் பார்ப்பது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

உன் அதிகாரியிடம் போய்ச் சொல், சாமியார் சும்மா நிற்கும்போது என்ன செய்கிறார் என்று. எனக்கு உன்மேல் எவ்வளவு கோபம் என்று எழுதினால் தாள் பற்றாது.

உன் பல்லி


பிப்ரவரி 8

பல்லி,

இறங்கி வந்துவிடு. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு இன்றைக்கே லாரியில் ஏறு. மீசையையும் கூட்டிக்கொள். வேலை பாதியில் நின்றால் கம்பெனி போடுகிற அபராதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். “அச்சச்சோ, ஜாக்கிரதையா பண்ணச் சொல்லுங்க” என்றார். மேல் ஆள் வரியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். “கையெழுத்து ஆயிடுச்சே” என்றார். இவ்வளவுக்கும் அவர் குரல் உயரவே இல்லை. கிளம்பும்போது பின்பக்கச் சுவருக்கும் இதேபோல ஒரு விலை கேட்டார், பார்த்துக்கொள்.

உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதில்லை. தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் தெரிகிறது.

வந்துவிடு.

அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

வர முடியாது. வீம்பு இல்லை இது.

பாதி முகம் ஏறிவிட்டது. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தின் மேலும் அடுத்த பட்டை கொஞ்சம் ஏறி உட்காரும், அதனால் நடுப்பட்டைகளின் ஓரத்துக்கு நாம் தனியாகப் பசை பூசுவதில்லை. இப்போது நின்றால் கடைசியாக ஒட்டிய பட்டையின் ஓரம் பன்னிரண்டு மாடிக்கும் வாயைத் திறந்துகொண்டு காற்றுக்கு எதிரே நிற்கும். நேற்று ராத்திரியே ஐந்தாவது மாடிப் பக்கம் ஒரு முழம் கிளம்பியிருக்கிறது. காற்று உள்ளே புகுந்தால் முழுப் பட்டையும் உரிந்து பஸ் நிறுத்தத்தில் விழும். காலையில் அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நீ பார்க்கவில்லை. ஓரத்துக்குப் பசை பூசிவிட்டு வா என்பாய். அதற்கும் தொங்கத்தானே வேண்டும்? அதற்குப் பதில் மீதிப் பட்டைகளையே ஒட்டிவிடலாம்.

அதனால் எனக்கு மேல் ஆள் வேண்டும். கீழ் ஆளை மேலே அனுப்பினால் தெருவில் தடுப்பைத் தாண்டி ஜனங்கள் வருகிறார்கள். மீசையை நிறுத்தினால் தனியாக என்னால் அந்தத் தாளைப் பிடிக்க முடியாது. இரண்டையும் முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்று நாங்கள் இறங்கவில்லை. காற்று மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

சாமியாரை எங்கே இருந்தாலும் பிடித்து அனுப்பு.

இன்னொன்று. உன்னை எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். நீ வராதே. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிற ஆள் நீ. பன்னிரண்டாவது மாடியில் நீ மயங்கி விழுந்தால் நான் உன்னைப் பார்ப்பேனா, சுவரைப் பார்ப்பேனா?

பல்லி


பிப்ரவரி 10

பல்லி,

சாமியார் கிடைக்கவில்லை. அவர் ஒத்துக்கொண்ட வேலை முடிய இன்னும் நாளாகும். “அங்க ரெண்டு பேர் தொங்குறாங்க தம்பி, அவங்கள விட்டுட்டு எப்படி வர்றது?” என்றார். அவரிடம் கோபப்பட முடியவில்லை. தெரிந்த இன்னும் சிலரைக் கேட்டேன், யாருக்கும் ஒழியவில்லை.

இந்தக் கடிதத்தை லாரிக்காரர் தரமாட்டார். நானே தருவேன். நேரில் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும், அதனால் வழியிலேயே எழுதிவிடுகிறேன். என்னைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தை யோசித்துப் பார். மேல் ஆள் கீழே பார்க்க வேண்டிய அவசியம் என்ன? அவன் பார்க்க வேண்டியது முடிச்சை. வேடிக்கை பார்க்கிற ஆசை எனக்குத் துளியும் கிடையாது. ஓரத்துக்கு ஒரு தப்படிகூடப் போகமாட்டேன். தூணுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு கயிற்றை மட்டும் பார்க்கிறேன். என்னைவிட ஒழுங்காக அந்த வேலையைச் செய்ய உனக்கு யார் கிடைப்பார்?

சாக்கு புதுசாக இரண்டு கொண்டு வருகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 13

பல்லி,

வேலை முடிந்த அன்று நீ கை கழுவிவிட்டு வருவதற்குள் நான் லாரியில் ஏறி வந்துவிட்டேன். சொல்லாமல் போனதற்கு நீ என்ன நினைத்தாய் என்று லாரிக்காரர் சொன்னார். நீ நினைத்த மாதிரி எனக்குக் கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் நான் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது, உனக்கே தெரியும். ஏசிக்காரர் வந்தார், கயிற்றைக் காட்டிச் சொன்னேன், வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். சாக்கு இரண்டுமுறை நகர்ந்தது, தவழ்ந்துபோய்ச் சரிசெய்தேன். உன் கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். நீ உருளையை அழுத்தும்போது அது அதிரும். நீ அடுத்த இடத்துக்கு இறங்கும்போது முடிச்சு முனகும். எட்டிப் பார்க்காமலே நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி நாள் மத்தியானம், ஜன்னல் வரிசையை ஒட்டிய கடைசிப் பட்டை. மீசை அடுத்த துண்டு எடுக்கக் கீழே போயிருந்தான். கயிறு என் கைக்குள் விறைப்பாக இருந்தது. சட்டென்று தளர்ந்தது.

மெதுவாக இல்லை. இருந்த எடை ஒரே நொடியில் இல்லை. காப்புக் கயிற்றைத் தொட்டேன், அது எப்போதும்போலத் தளர்ந்துதான் கிடந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. நான் காவல் காத்த முடிச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குக் கீழே நீ இல்லை. அதே நேரம் தெருவில் ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது, யாரோ கத்தினார்கள். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பல்லி என்று இல்லை, அம்மா வைத்த பேரைச் சொல்லி. காற்று அதை என் வாயிலேயே திணித்தது. கீழ் ஆளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? உன்னிடம் ஓடியிருக்கிறார், அதனால்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன், பல்லி. ‘ஒரு வரியை அடிச்சிட்டாங்கம்மா, நானும் சரின்னுட்டேன்’ என்று சொல்வதா?

ஓரத்துக்குப் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து வயிற்றால் நகர்ந்தேன். சட்டைப் பொத்தான்கள் தரையில் அறுந்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை வெளியே நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தேன்.

ஏழாவது மாடி ஜன்னலின் சன்ஷேடில் நீ காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாய். மேல் ஜன்னலிலிருந்து ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். நீ ஏதோ சொன்னாய், அவர் சிரித்தார்.

நான் தூணுக்குத் திரும்பி வந்து கயிற்றின் மேல் மறுபடி கையை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கயிறு மறுபடி விறைத்தது. உன்னைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. அன்றைக்கு நீ மேலே ஏறி வருகிற வரைக்கும் அந்தக் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின்பக்கச் சுவருக்கு விலை கொடுத்தேன். மேல் ஆளை எழுதினேன். அதிகாரி பேனாவைத் திறந்தார், அந்த வரியை அடித்தால் எங்களுக்கு வேலை வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். வேலை பாதிவிலைக்காரருக்குப் போய்விட்டது. மெஷின் மறுபடி துணி போர்த்திக்கொண்டது. உன் அண்ணி மட்டும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

தப்பு என்னுடையது. பலகையை விட்டு எதிலாவது உட்கார்ந்தால் கயிற்றை இரண்டுமுறை சுண்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், மேல் ஆளுக்கு அதுதான் செய்தி. சாமியாருக்கு அது பழக்கம். உனக்குச் சொல்லவும் மறந்தேன், அன்றைக்குச் சுண்டவும் மறந்துவிட்டேன். தாகம் அப்படி. கீழ் ஆள் போனை எடுக்காததற்குக் காரணம், தடுப்புக்குள் புகுந்த பஸ்காரரோடு சண்டை. அந்தக் கத்தல்தான் உனக்குக் கேட்டது.

தண்ணீர் குடித்துக்கொண்டே நிமிர்ந்தபோது மேலே ஒரு தலை தெரிந்து மறைந்தது. ஏசிக்காரர் வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். நீயாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தத் தலையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இந்த லாரியில் நான் வரவில்லை. சாமான்களோடு மீசையும் கீழ் ஆளும் வருகிறார்கள். காலையில் நம் சாக்குகளை எடுக்க மொட்டைமாடிக்கு வந்தேன். பின்பக்கச் சுவரில் அதற்குள் பாதிவிலைக்காரரின் ஆட்கள் இறங்கியிருந்தார்கள், இரண்டு பேர். அதே தொட்டியின் அடுத்த தூணில் நாலு கயிறு. முடிச்சு மோசமில்லை, கட்டத் தெரிந்தவர்கள்தான். ஆனால் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஓரத்தில் சாக்குகூட இல்லாமல், மடித்த அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். அது நகர்ந்து நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஏசிக்காரர் இரண்டாவது மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அவன் வேலை, அவன் கயிறு, உனக்கென்னக்கா வந்துச்சு?” என்று மீசை என்னைத் திட்டினான். உன் வேலையைத் தட்டிக்கொண்டு போனவர்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை. நான் அவர்கள் முடிச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அட்டை நகரும்போதெல்லாம் காலால் உள்ளே தள்ளுகிறேன். கீழே தொங்குகிறவர்களில் ஒருவர் கயிறு ஆடுவதைப் பார்த்து, “மேல யாரு?” என்று கத்தினார். “மேல் ஆள்” என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, உருளைச் சத்தம் மட்டும் வருகிறது.

ஒரு கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். கோணல் எழுத்துக்குக் காரணம் அதுதான். மீசை கடிதத்துக்காகப் பக்கத்தில் நிற்கிறான், ஏசிக்காரரும் வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். இனி எழுத முடியாது, முடிச்சைப் பார்க்க வேண்டும். அவர்கள் இன்னும் மூன்று மாடிகூட இறங்கவில்லை. நான் நாளை பஸ்ஸில் வருகிறேன்.

பல்லி